நடுராத்திரியில் எழுப்பலாமா?

தீர்த்தமலைக்காரனுக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், தென்பெண்ணை ஒன்றுதான். மலையிலிருந்து சில மைல் தள்ளி அனுமன்தீர்த்தத்தைத் தொட்டுக்கொண்டு ஓடுகிற அந்த ஆறு கடலூர்ப் பக்கம் போய் வங்கக் கடலில் விழுகிறது. மற்றபடி புளியமரம், கேழ்வரகு, மானாவாரிக் காடு என்று பிழைக்கிற ஊர் இது. எங்களில் பலர் கடலை முதன்முதலில் பார்த்ததே பள்ளிக்கூடச் சுற்றுலாவில்தான்.

இந்த ஊரில் பிறந்து சிங்கப்பூரில் கணினி வேலை பார்க்கும் என் அக்கா மகன், ஒரு பொங்கலுக்கு முன்னால் போன் செய்தான். நண்பன் ஒருவன் பழைய பாய்மரப் படகு வாங்கியிருக்கிறானாம். அதைத் தாய்லாந்தின் புக்கெட்டிலிருந்து இலங்கையின் காலித் துறைமுகத்துக்குக் கொண்டுபோகிறானாம். இவனும் கூடப் போகிறானாம். சுமார் 1,100 கடல் மைல். படகில் மூன்றே பேர்: நண்பன், நண்பனின் சித்தப்பா, இவன். மூவரில் ஒருவருக்கும் கடல் தொழில் கிடையாது. சனி, ஞாயிறுகளில் பழகியவர்கள்.

அக்கா நேராக என் வீட்டுக்கு வந்துவிட்டாள். நான் காப்பீட்டு முகவராக இருந்து தலை நரைத்தவன். "ஏன்டா, நாளைக்கு என்ன ஆகுமோ ஏதாகுமோன்னு ஊரையே பயங்காட்டிப் பாலிசி வித்தவன் நீ. சொந்த அக்கா மவனுக்கு ஒரு வார்த்தை சொல்ல மாட்டியா?" என்றாள். சொன்னேன். அவன் சிரித்தான். "பயப்பட என்னா மாமா இருக்கு? படகு அவனுது, கேப்டன் அவன். அவன்கிட்ட என்னை ஒப்படைச்சுட்டா முடிஞ்சுது."

ஒப்படைத்தால் முடிந்ததா? என்னைப் பிடித்துக்கொண்ட கேள்வி இதுதான். கடல் பயம்கூட அப்புறம்தான். ஒருவனிடம் தன்னை முழுசாகக் கொடுத்துவிட்ட பிறகு, கொடுத்தவனுக்குச் செய்ய ஏதாவது மிச்சம் இருக்கிறதா? தமிழ்நாட்டில் இந்தக் கேள்விக்காகவே வைணவ சமயம் இரண்டாகப் பிரிந்து, நெற்றியில் நாமத்தை வேறு வேறாக இட்டுக்கொண்டு, கோர்ட்டு வரைக்கும் போயிருக்கிறது.

வைணவ உபன்யாசம் கேட்டவர்களுக்குக் கதை தெரியும். பிள்ளை உலகாசிரியர் வழியில் வந்த தென்கலையார் பூனைக்குட்டியைக் காட்டுவார்கள். தாய்ப்பூனை குட்டியைப் பிடரியில் கவ்விக்கொண்டு போகிறது. குட்டி ஒன்றும் செய்வதில்லை. ஜீவனும் அப்படித்தான், காப்பாற்றுவது முழுக்கப் பெருமாள் பாடு என்பார்கள். வேதாந்த தேசிகர் வழி வடகலையார் குரங்குக்குட்டியைக் காட்டுவார்கள். தாய் தாவும்போது குட்டிதான் வயிற்றைப் பற்றிக்கொள்ள வேண்டும். அந்தப் பற்றுதல் காரணமாகாது, ஆனால் ஒரு வியாஜம், அதாவது ஒரு சாக்காவது வேண்டும் என்பார்கள். பக்தி யோகம் என்பது சாகும்வரை தவணை கட்டுவது, பிரபத்தி, அதாவது சரணாகதி, என்பது ஒற்றைத் தவணை பாலிசி என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. ஒற்றைத் தவணையையும் யாராவது ஒருவர் கட்டத்தானே வேண்டும் என்பது வடகலைக் கட்சி.

இந்த இரண்டு உவமைகளையும் ஆசாரியர்கள் கையில் எடுத்த வேகத்தில் நாம் அப்படியே நம்பிவிட்டோம் என்று எனக்குத் தோன்றும். காரணம், தீர்த்தமலைப் படிக்கட்டு. இங்கே குரங்குகளுக்குப் பஞ்சமில்லை. காலையில் படியேறும்போது பாறையோரம் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். பிறந்து சில நாளே ஆன குட்டி, தாயின் அடிவயிற்று மயிரை இரண்டு கைகளாலும் கொத்தாகப் பிடித்திருக்கும். விரல்கள் அத்தனை சின்னவை. தாய் மண்டபத்துக் கூரைக்குத் தாவுவதற்கு முன் ஒரு கணம் நிற்கும். ஒரு கையைக் குட்டியின் முதுகுக்குக் கீழே கொடுத்து அணைத்துக்கொண்டு, மூன்று காலால் தாவும். குட்டி கொஞ்சம் வளர்ந்து தனியாகத் திரியத் தொடங்கினால் வாலைப் பிடித்து இழுத்துக்கொள்ளும். ஆக, குரங்குத் தாயும் பிடிக்கிறது. பூனைக்குட்டி மட்டும் சும்மாவா இருக்கிறது? பிடரியில் கவ்வியதும் அது துள்ளாமல் உடம்பைத் தளர்த்தி, பின்னங்கால்களையும் வாலையும் சுருட்டிக்கொள்கிறது. சுருட்டாவிட்டால் வாசற்படியில் இடிபடும். ஒப்படைப்பு என்பது எந்த ஜீவனிடத்திலும் ஒருபக்கத்துக் காரியமாக நடப்பதில்லை. இரண்டு ஆசாரியர்களும் என்னை மன்னிக்கட்டும்.

முழுப் பூனைக்குட்டியாகக் கடலில் கிடந்தவர்கள் இல்லாமலில்லை. அப்பர் சுவாமிகளைக் கல்லோடு கட்டிக் கடலில் போட்டார்கள். கல் மிதந்து கடலூர் திருப்பாதிரிப்புலியூர் அருகே கரை சேர்ந்தது என்கிறது பெரியபுராணம். எங்கள் தென்பெண்ணை போய்ச் சேருகிற அதே கரை. படகும் இல்லை, மாலுமியும் இல்லை. நாவில் ஐந்தெழுத்து மட்டும்.

நம் காலத்தில் ஒருவர் இருக்கிறார். அப்போது கடற்படை அதிகாரியாக இருந்த அபிலாஷ் டோமி, 2018-இல் கோல்டன் குளோப் என்ற தனியாள் உலகச் சுற்றுப் போட்டியில் 'துரியா' என்ற படகில் போனார். செப்டம்பர் 21-ஆம் தேதி தென் இந்தியப் பெருங்கடலில் புயல் படகைப் புரட்டிப் போட்டது. பாய்மரம் முறிந்தது, முதுகெலும்பில் பலத்த அடி. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலிருந்து சுமார் 1,900 கடல் மைல் தள்ளி, எழுந்து நடக்க முடியாமல் படுக்கையில் கிடந்தார். 24-ஆம் தேதி பிரெஞ்சுக் கப்பல் 'ஒசிரிஸ்' வந்து தூக்கிக்கொண்டது. அதே போட்டியில் இருந்த அயர்லாந்துக்காரர் கிரெகர் மெக்கக்கின், தன் படகிலும் பாய்மரம் முறிந்த நிலையில், டோமி கிடந்த திசைக்கே படகைத் திருப்பினார். படுத்துக் கிடந்தவரால் செய்ய முடிந்தது அபாய சமிக்ஞை கொடுப்பதும், நிலைமையைச் சுருக்கமாகத் தட்டி அனுப்புவதும்தான். தேசிகர் சொன்ன வியாஜம் அவ்வளவு சின்னதாகவும் இருக்கலாம். டோமி சில ஆண்டுகளில் அதே போட்டிக்குத் திரும்பிப் போய் 2023-இல் இரண்டாமிடம் பிடித்தார். அது வேறு கதை.

ஆனால் அக்கா மகன் விஷயம் இதில் எதிலும் அடங்கவில்லை. அவன் கல்லில் கட்டப்பட்டுப் போகவில்லை, தனியாகவும் போகவில்லை. ஒரு நண்பனை நம்பிப் போகிறான். அங்கே கடவுளும் இல்லை, முதலாளியும் இல்லை.

முதலாளிக்குக் கீழே கடல் கடந்த தமிழர் கதை வேறு உண்டு. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டிய 'அன்னபூரணி' என்ற பாய்க்கப்பலை ராபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கி, 'ஃப்ளோரன்ஸ் சி. ராபின்சன்' என்று பெயர் மாற்றினார். வல்வெட்டித்துறைத் தமிழ் மாலுமிகள் அதைச் செலுத்திக்கொண்டுபோய் 1938-இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். அவர்கள் பரம்பரைக் கடலோடிகள். எந்தக் கயிற்றை எப்போது இழுக்க வேண்டும் என்பது கைக்குத் தெரியும். கப்பலை வாங்கியவரிடம் அவர்கள் கொடுத்தது தொழிலை; அதற்குக் கூலி உண்டு. சைவர்கள் தாச மார்க்கம், அதாவது அடிமை நெறி, என்பார்களே, அதை இதற்குப் பக்கத்தில் வைக்கலாம்.

கூலியும் இல்லாமல், தொழிலும் தெரியாமல், சிநேகிதத்தை மட்டும் நம்பிப் போகிறவனுடைய கணக்கு என்ன? இதற்கு விடை அவன் ஊருக்கு வந்து, திண்ணையில் உட்கார்ந்து சொன்னபோதுதான் எனக்குப் பிடிபட்டது.

வாடைக்காற்று வீசும் தை, மாசியில்தான் அந்தப் பக்கத்திலிருந்து இலங்கைக்கு வருவார்களாம். வடகிழக்குக் காற்று வலப்பக்கம் பின்னாலிருந்து தள்ளும். மணிக்கு ஐந்தாறு கடல் மைல் வேகம். கேட்க சுகமாக இருக்கிறது. ஆனால் காற்று முதுகுக்குப் பின்னால் இருக்கும்போது சுக்கான் கொஞ்சம் பிசகினாலும், பாய் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு அடித்துக்கொண்டு திரும்பும். பாயின் அடியில் கிடையாகக் கட்டியிருக்கும் உலோகத் தண்டு ஆள் தலை உயரத்தில் வீசிப் போகும். நின்றவன் மண்டை பிளக்கும், இல்லையென்றால் கடலில் விழுவான். இரவில் விழுந்தவனைத் தேடிக் கண்டுபிடிப்பது அநேகமாக நடக்காத காரியம். அதனால் மேல்தளத்துக்கு வரும் ஒவ்வொருவரும் நெஞ்சில் பட்டை கட்டி, அதிலிருந்து வரும் கயிற்றின் கொக்கியைப் படகில் மாட்டிக்கொள்ள வேண்டும்.

மூன்று மணி நேரம் காவல், ஆறு மணி நேரம் ஓய்வு. ஒருவர் விழித்திருக்க இருவர் தூங்குவார்கள். மலாக்கா நீரிணையிலிருந்து வெளிவரும் சரக்குக் கப்பல்கள் நிக்கோபாருக்கும் சுமத்ராவுக்கும் இடையில் புகுந்து, இலங்கையின் தென்முனையைச் சுற்றிக்கொண்டு மேற்கே போகும். அந்தச் சாலையில்தான் இந்தச் சின்னப் படகும் போகிறது. அடிவானத்தில் பொட்டாகத் தெரிந்த விளக்கு இருபது நிமிஷத்தில் தலைமேல் வந்து நிற்கும்.

புறப்படும் முன் நண்பன் ஒரே ஒரு கட்டளைதான் போட்டானாம். "சந்தேகம் வந்தா என்னை எழுப்பு. இது சந்தேகமா இல்லையான்னு சந்தேகம் வந்தாலும் எழுப்பு. எழுப்பினதுக்காக நான் கோவிச்சா, காலியில இறங்கினதும் என்னை அடி."

ஒரு ராத்திரி, அக்கா மகன் காவலில் இருந்தான். எதிரே இரண்டு வெள்ளை விளக்குகள், அவற்றுக்குக் கீழே ஒரு சிவப்பு. சிவப்பு தெரிந்தால் கப்பலின் இடப்பக்கம் நம்மைப் பார்த்திருக்கிறது, அது ஒதுங்கிப் போகலாம். அப்புறம் சிவப்போடு பச்சையும் தெரிந்தது. இரண்டும் தெரிந்தால் கப்பல் நேராக நம்மை நோக்கி வருகிறது. பிறகு பச்சை மறைந்தது. நண்பன் கீழே தூங்கப் போய் அரை மணி நேரம்கூட ஆகவில்லை. முந்தின நாள் பூராவும் சுக்கான் பிடித்தவன். "அவனை எழுப்பக் கை போகலை மாமா. பாவம்னு இருந்துது" என்றான். கொஞ்ச நேரம் நின்றிருக்கிறான். பிறகு எழுப்பிவிட்டான். நண்பன் மேலே வந்து, திசைமானியை வைத்து விளக்கைப் பார்த்து, "தள்ளித்தான் போகுது. நல்ல வேளை எழுப்பின" என்று சொல்லிவிட்டுக் கீழே போய்ப் படுத்துக்கொண்டான். அவ்வளவுதான் சம்பவம். ஒன்றும் நடக்கவில்லை.

எனக்கோ அதுதான் பெரிய சம்பவமாகப் பட்டது. எழுப்பாமல் நின்ற அந்தக் கொஞ்ச நேரம் அவன் அடிமையாக இருந்திருக்கிறான். எஜமானின் தூக்கத்தைக் கெடுக்க அடிமைக்கு மனசு வராது. எழுப்பின கணத்தில் தோழனாகிவிட்டான்.

சைவத்தில் இதற்கென்று ஒரு வழியே வகுத்து வைத்திருக்கிறார்கள். தாச மார்க்கத்துக்கு அப்பர், சற்புத்திர மார்க்கத்துக்குச் சம்பந்தர், சக மார்க்கத்துக்குச் சுந்தரர், சன்மார்க்கத்துக்கு மாணிக்கவாசகர். சக மார்க்கம் என்றால் தோழமை நெறி. சுந்தரருக்குத் தம்பிரான் தோழர் என்றே பெயர். அந்தத் தோழமை எப்படி ஆரம்பிக்கிறது பாருங்கள். கல்யாணப் பந்தலுக்குக் கிழவர் வேஷத்தில் வந்த சிவபெருமான், நீ எனக்கு அடிமை என்று ஓலைச்சீட்டு காட்டுகிறார். சீட்டு அடிமைச் சீட்டு. கிடைத்ததோ தோழமை.

அந்தத் தோழர் செய்த வேலையைப் பெரியபுராணத்தில் சேக்கிழார் கொஞ்சமும் மழுப்பாமல் எழுதியிருக்கிறார். திருவொற்றியூரில் சங்கிலியாரை மணந்த செய்தி தெரிந்து, திருவாரூரில் முதல் மனைவி பரவையார் கதவைச் சாத்திவிட்டார். சுந்தரர் போய்ச் சிவபெருமானைப் பிடித்துக்கொண்டார். நடுநிசியில் கடவுள் அர்ச்சகர் உருவத்தில் பரவையார் வீட்டுக்குத் தூது நடக்கிறார். அம்மையார் மறுத்துவிடுகிறார். திரும்பி வந்து சொன்னால், இவர் விடவில்லை. இரண்டாம் முறையும் போகச் சொல்கிறார், கடவுளும் போகிறார். திருவாரூர் வீதியில் அந்த ராத்திரி கடவுளின் காலில் எத்தனை தூசி ஒட்டியிருக்கும்!

இதைக் கேள்விப்பட்ட சிவனடியார் ஏயர்கோன் கலிக்காமருக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒரு பெண்ணின் ஊடல் தீர்க்க ஆண்டவனைத் தூது அனுப்புகிறவனும் ஒரு தொண்டனா என்று கொதித்தார். சூலை நோய் வந்து, சுந்தரர் வந்து தீர்ப்பார் என்று இறைவனே சொன்னபோதும், அவன் கையால் தீர்வதைவிடச் சாவதே மேல் என்று வயிற்றைக் கிழித்துக்கொண்டார். கலிக்காமர் கோபம் நியாயமானது. தாச மார்க்கத்தில் நின்று பார்த்தால் சுந்தரர் செய்தது அபசாரம்தான். சேக்கிழார் கலிக்காமரையும் தப்புச் சொல்லவில்லை, சுந்தரரையும் தப்புச் சொல்லவில்லை. கலிக்காமரை உயிர்ப்பித்து, இருவரையும் நண்பர்களாக்கி அனுப்பிவிடுகிறார். கடவுள்தான் கட்சி சொல்லிவிட்டாரே, எழுந்து நடந்து போனதன் மூலம்.

இங்கேதான் எங்கள் ஊர்த் தலபுராணம் எனக்கு வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது. ராவணனைக் கொன்று திரும்பும் ராமன் தீர்த்தமலையில் சிவபூசை செய்ய நினைக்கிறான். காசியிலிருந்து தீர்த்தம் கொண்டுவர அனுமனை அனுப்புகிறான். அனுமன் வரத் தாமதமாகிறது. பூசை வேளை தப்புகிறதே என்று ராமன் பாறையில் அம்பு விட, தண்ணீர் கொட்டுகிறது. அதுதான் ராம தீர்த்தம். மலைப் பாறையிலிருந்து இன்றும் விழுகிறது. பிறகு வந்து சேர்ந்த அனுமன், தன்னை அனுப்பிவிட்டுத் தனக்காகக் காத்திருக்கவில்லையே என்று கோபம் கொண்டு, கொண்டுவந்த கங்கை நீரைத் தூக்கி எறிகிறான். அது விழுந்த இடம் அனுமன்தீர்த்தம். ராமன் சமாதானம் சொல்கிறான்: முதலில் உன் தீர்த்தத்தில் குளித்துவிட்டுத்தான் என் தீர்த்தத்துக்கு வர வேண்டும் என்று. ஊர் வழக்கம் இன்றைக்கும் அப்படித்தான். ஆடிப்பெருக்கு அன்று அனுமன்தீர்த்தத்தில் ஆற்றங்கரை கொள்ளாத கூட்டம்.

அடிமைக்கு இலக்கணமே அனுமன்தான் என்று ராமாயணம் முழுக்கச் சொல்கிறது. வாய் பொத்தி நிற்கும் அனுமனைக் கோயில்களில் பார்க்கிறோம். அந்த அனுமன் எஜமானிடம் கோபித்துக்கொண்டு செம்பைத் தூக்கி எறிந்தான் என்று எங்கள் ஊர் சொல்கிறது. குரங்குக்குட்டிபோல் பற்றிக்கொண்டிருந்தவன் ஒரு கணம் கையை விட்டுவிட்டு, "இது நியாயமா?" என்று கேட்டிருக்கிறான். ராமனும் திருப்புல்லாணியில் கடலரசனிடம் தர்ப்பையில் படுத்துக் காத்திருந்து பார்த்து, வராததால் வில்லெடுத்தவன்தானே. காத்திருந்து ஏமாறுவது என்னவென்று அவனுக்குத் தெரியும். அடங்கிப் போ என்று அவன் சொல்லவில்லை. உன் தண்ணீருக்கே முதல் மரியாதை என்றான். இதை எழுதிவைத்த தலபுராணக்காரர், சாத்திரம் படித்தவரோ இல்லையோ, சிநேகிதம் அறிந்தவர்.

ஆக, நான் வந்து நிற்கிற இடம் இது. ஒப்படைப்பு முழுமையாக இருப்பதற்கும் ஒப்படைத்தவன் வாயைத் திறப்பதற்கும் முரண் கிடையாது. படகில் திசையைத் தீர்மானிப்பவன் ஒருவன்தான் இருக்க முடியும், மூன்று பேர் ஓட்டெடுப்பு நடத்தினால் பாறையில்தான் போய் நிற்பார்கள். அந்த ஒருவனிடம் உயிரைக் கொடுத்த பிறகும், அவனை எழுப்புவதும் தடுப்பதும் கொடுத்தவன் கடமையில் சேர்த்தி. கடவுளிடத்திலும் இதே கணக்குத்தான் என்பது என் துணிபு. பிரார்த்தனை என்று நாம் செய்வதில் பாதிக்கு மேல் எழுப்புகிற வேலைதான். பெருமாள் கோயிலில் விடியற்காலையில் சுப்ரபாதம் சொல்லி எழுப்புகிறோமே, தூங்காதவனை எழுப்புகிறோம் என்று யாராவது கூச்சப்பட்டதுண்டா?

தடுத்த கதையையும் சொல்லிவிடுகிறேன். இலங்கைக் கரைக்கு நெருங்கும்போது ஒரு மாலையில் காற்று ஏறிவிட்டது. முன்பாயின் கயிறு ஒன்று சிக்கிக்கொண்டது. நண்பன் அதை எடுத்துவிட முன்பக்கம் போகக் கிளம்பினான். அவசரத்தில் நெஞ்சுப்பட்டைக் கொக்கியை மாட்டவில்லை. அக்கா மகன் சுக்கானிலிருந்து, "கொக்கியை மாட்டு. மாட்டாம ஒரு அடி வெக்கக் கூடாது" என்று கத்தியிருக்கிறான். கேப்டன் திரும்பி முறைத்தானாம். படகு அவனுடையது, அனுபவம் அவனுடையது, இவன் ஒட்டிக்கொண்டு வந்தவன். ஆனால் மாட்டினான். முன்பக்கம் போய் வேலையை முடிக்கும்போது ஒரு அலை முழங்காலுக்கு மேல் ஏறி அடித்துவிட்டுப் போனது. இருவரும் அதைப் பற்றி அப்புறம் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லையாம். அன்று ராத்திரி சித்தப்பாதான் ரசம் வைத்தார் என்று மட்டும் சொன்னான்.

இரண்டு பெண்கள் உலகையே இப்படிச் சுற்றியிருக்கிறார்கள். கடற்படையின் 'தாரிணி' என்ற பாய்மரப் படகில், 2024 அக்டோபர் 2-ஆம் தேதி கோவாவில் கிளம்பி, 2025 மே 29-இல் திரும்பினார்கள் லெப்டினன்ட் கமாண்டர்கள் தில்னாவும் ரூபாவும். ரூபா நம் புதுச்சேரிக்காரர். கடற்பயணம் பெண்ணோடு இல்லை என்று விதித்த தொல்காப்பியர் என்ன சொல்வாரோ தெரியாது. படகில் இரண்டே பேர், மூன்றாவது ஆள் கிடையாது. ஒருத்தி தூங்கினால் அவள் உயிர் மற்றவள் கண்ணில். எட்டு மாதத்தில் யார் யாரை எத்தனை முறை எழுப்பினார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள எனக்கு ஆசை. அதுதான் உண்மையான பயணக் குறிப்பு.

அடுத்த வாடைக்காற்றில் காலியிலிருந்து மாலத்தீவுக்கு வருகிறாயா என்று நண்பன் கேட்டிருக்கிறானாம். அக்கா மறுபடி என்னிடம் வந்தாள். போகட்டும் விடு என்றேன். முகவராக இருந்தபோது வயது, ரத்த அழுத்தம், தொழில் என்று எத்தனையோ கேட்டுப் படிவம் நிரப்பியிருக்கிறேன். இந்தப் படிவத்துக்கு ஒரு கேள்வி போதும். உங்கள் வீட்டுப் பிள்ளையும் யாராவது நண்பன் படகில் போகிறேன் என்று நின்றால், அந்த நண்பனுக்கு எத்தனை வருஷ அனுபவம் என்று கேட்பதற்கு முன், தூங்கி அரை மணி ஆனவனை எழுப்பினால் என்ன சொல்வான் என்று கேளுங்கள். எரிந்து விழுவான் என்றால் அனுப்பாதீர்கள்.